இடது கைக்கு எண்ணெய் வேண்டாம்

தென்காசியில் ஒரு கல்யாண மண்டபம். வைகாசி மாத வரவேற்பு. அம்மா வழிச் சொந்தம் என்பதால் எங்களை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலிலிருந்து மேடைக்கு நடந்து வருகிறார்கள். மேடையோரத்தில் மெல்லிசைக் குழுப் பையன் ஒருவன் எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒரு பழைய சினிமா மெலடியை வாசிக்கிறான். பாடகர்கள் இன்னும் வரவில்லை போலிருக்கிறது, வெறும் கிட்டார்தான். நான் போனில் ஆபீஸ் மெயில் பார்த்துக்கொண்டிருந்தேன். தற்செயலாக நிமிர்ந்தால், பக்கத்து நாற்காலிப் பெரியம்மா வாயை அசைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அடுத்தவளும். திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் பாதிப் பேருக்கு உதடு அசைகிறது. யாரும் பாடவில்லை, ஒரு சத்தமும் இல்லை. கிட்டாரிலும் வார்த்தை கிடையாது. ஆனால் கூடம் முழுக்க வார்த்தை ஓடிக்கொண்டிருந்தது.

இது என்ன வேலை, இதை ஒரு ஆள் எப்படிச் செய்கிறான் என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. அந்தக் குழப்பத்திலேயே எழுந்து மேடைக்குப் பக்கத்தில் போய்விட்டேன். நான் அப்படித்தான், கால் முதலில் போகும், யோசனை பின்னால் வரும். கீபோர்டு வாசிப்பவர்தான் குழுவை நடத்துகிறவர். நாற்பது வயது இருக்கும், காதில் பேனா செருகியிருந்தார்.

"அண்ணாச்சி, இப்ப வாசிச்சாங்கள்ல, அத கத்துக்கிட எவ்வளவு நாளாகும்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கும்மா? ஒனக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது. கத்துக்கிடுவேன்."

"நல்ல நேரத்துல கேட்ட போ. இந்தப் பய ஆடி முடிய துபாய்க்குப் போறான். எனக்கு ஆவணி முகூர்த்தத்துக்கு ஆளில்ல." சிரித்துக்கொண்டே சொன்னார். கிட்டார்க்காரப் பையனும் சிரித்தான். "ஆடிக் கடைசில வா. ஒரே ஒரு ட்யூன். முக்காலு அரையெல்லாம் ஆகாது, முழுசா வாசிச்சுக் காட்டு. நடக்க வைக்கிற பாட்ட நீயே வாசி."

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் விளையாட்டுக்குக் கேட்டுக்கொள்ளவில்லை. குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, எங்கோ இருக்கிற ஒரு கம்பெனியின் மென்பொருளில் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. காலை முதல் சாயங்காலம் வரை அடுத்தவர் செய்ததில் ஓட்டை தேடுகிறேன். நான் செய்த எதற்காகவும் இதுவரை ஒருவர் உதடும் அசைந்ததில்லை. அந்த மேடையோரத்து இடம் எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

ஆனி பிறந்ததும் கிட்டார் வந்தது. கூடவே ஒரு சின்ன ஆம்ப், சத்தத்தைப் பெரிதாக்குகிற பெட்டி. செருகி ஸ்விட்சைப் போட்டதும் 'ங்ங்ங்' என்று ஒரு இரைச்சல், நிற்கவே இல்லை. வாங்கியது கோளாறு என்று நினைத்துத் திருப்பி அனுப்ப அட்டைப்பெட்டியைக்கூட எடுத்து வைத்தேன். பிறகுதான் தெரிந்தது, ஃபேன் ரெகுலேட்டரைக் குறைத்தால் இரைச்சல் மாறுகிறது, இன்வெர்ட்டரை விட்டுத் தள்ளி உட்கார்ந்தால் பாதி அடங்குகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என்னால் நிச்சயமாகச் சொல்ல முடிந்த விஷயம் இது ஒன்றுதான்: இரைச்சல் வந்தால் கிட்டாரைத் திட்டுவதற்கு முன்னால் அதைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஒரு சுற்று நடந்து பாருங்கள். மற்றதெல்லாம் எனக்கே இன்னும் கலங்கலாகத்தான் இருக்கிறது.

கலங்கலுக்குக் காரணம் உண்டு. நான் பார்த்த வீடியோக்களில் ஒருவர் விரலைப் பார்த்துப் பழகு என்றார், அடுத்தவர் பார்க்கவே கூடாது என்றார். மெல்லிய தந்தி போடு, வலிக்காது என்றார் ஒருவர். கனமான தந்திதான் கையைப் பழக்கும் என்றார் இன்னொருவர். வலித்தால் நிறுத்து, வலித்தாலும் விடாதே. தாளத்துக்கு மெட்ரோனோம் வை. வைத்தால் மனுஷன் மிஷினாகிவிடுவான். நான் எல்லாருக்கும் கீழ்ப்படிந்தேன். காலையில் ஒருவர் சொன்னபடி, சாயங்காலம் இன்னொருவர் சொன்னபடி.

அளவுகோல் மட்டும் என்னிடம் ஒன்று இருந்தது. அம்மாவின் உதடு. நான் மாடியிலிருந்து கூடத்துக்கு இறங்கி, அம்மா காய் நறுக்குகிற இடத்துக்கு எதிரே உட்கார்ந்து வாசிப்பேன். அம்மாவுக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். கிட்டாரைக் கேட்டு அவள் வாய் அசைந்துவிட்டால் நான் வாசிப்பது பாட்டு. அசையாவிட்டால் வெறும் தந்தி. எந்தப் பாட்டு என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சோதனை செத்துப்போகும்.

முதல் நாள் அம்மா வெண்டைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "ஏட்டி, கொல்லம் ரயிலு இந்நேரத்துக்கா போவுது?"

"யம்மா, பாட்டு வாசிக்கேன்!"

"பாட்டா? சரி சரி, வாசி. நான் என்னவோ ரயில்வே கேட்டு மூடுதுன்னு நெனச்சேன்."

அப்பா ரிட்டயர்டு ஏட்டு. போலீஸில் ரோட்டோரம் நின்று நின்று முழங்கால் போனவர். அந்த முழங்காலைக் குற்றாலத்து எண்ணெய்தான் மீட்டுக் கொடுத்தது என்பது அவர் நம்பிக்கை. அருவிக்கரையில் மசாஜ் செய்கிற ஒருவர் காய்ச்சித் தருகிற கரும்பச்சை எண்ணெய்; கற்பூர வாசனை வீட்டுத் திரைச்சீலை வரை ஏறியிருக்கும். தலைவலிக்கு, சுளுக்குக்கு, அம்மாவின் கழுத்துக்கு, ஒருமுறை வாசல் கேட்டின் கீலுக்கும் அதுதான். ஆனி நடுவில் என் இடது கை விரல் நுனிகள் சிவந்து, தந்தி அழுத்திய தடம் கோடு கோடாக இருப்பதைப் பார்த்துவிட்டார்.

"கையக் காட்டு." லைசென்ஸ் கேட்கிற அதே குரல்.

காட்டினேன்.

"என்னளா இது, கம்பிய வச்சு அறுத்த மாதி இருக்கு? இங்கன உக்காரு."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் எண்ணெய். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. வேலையில் இருந்த காலத்தில் நான் தூங்கின பிறகு வருவார், எழுவதற்குள் போய்விடுவார். ரிட்டயர் ஆனபிறகும் எங்களுக்குள் பேச்சு பெரிதாக ஒன்றும் வந்துவிடவில்லை. இப்போது இடது கையின் நாலு விரலையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, நுனியில் எண்ணெய் வைத்து அழுத்திக்கொண்டே பேச ஆரம்பித்தார். செங்கோட்டைச் சோதனைச் சாவடியில் தேங்காய் லாரிக்குள் ஆடு ஏற்றி வந்த கதை. "ஆடு கத்துது, என்னன்னு கேட்டா, 'சாரே, அது தேங்கா தன்னே'ங்கான் அந்த மலையாளத்து டிரைவர்!" என்று சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். எனக்குப் பத்து நிமிஷம் போவது தெரியாது.

சாரல் ஆரம்பித்ததும் அதோடு நிற்கவில்லை. விடிந்ததும் ஸ்கூட்டரில் ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார். வெளியூர்க் கூட்டம் வருவதற்குள் குளித்துவிட வேண்டும். "கைய நீட்டிக் காட்டுட்டி, தண்ணி விழட்டும். எல்லா வலியும் ஓடிப்போயிரும்." விரல் ஊறி, தோல் சுருங்கி வெளுக்கும் வரை நிற்பேன். வீட்டுக்கு வந்ததும், ஆபீஸ் தொடங்குவதற்கு முன்னால் கிடைக்கிற நேரம் அதுதான் என்பதால், நேராகக் கிட்டார்.

பாட்டின் இரண்டாவது வரியில் ஒரு இடம் இருக்கிறது. பாடகியின் குரல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு ஏறும். கிட்டாரில் அதற்கு, அழுத்திய தந்தியை அப்படியே பக்கவாட்டில் தள்ளி வளைக்க வேண்டும். பெண்ட் என்பார்கள். கொஞ்சமாக வளைத்தால் ஸ்வரம் அழுகிற மாதிரி பாதியில் நிற்கும். அதிகமானால் கீச்சென்று போய்விடும். என் விரலுக்கு இரண்டுமே வாய்க்கவில்லை. பாதி வளைந்ததும் தந்தி விரலை விட்டு நழுவி நகத்துக்கு அடியில் போய் வெட்டும். திரும்பத் திரும்ப அதே இடம். வாரங்கள் போயும் விரல் நுனி முதல் நாள் மாதிரியே மெத்தென்று இருந்தது. பத்து நாளில் காய்ப்பு விழும், பிறகு வலிக்காது என்று வீடியோக்காரர்கள் எல்லாருமே சொல்கிறார்கள். அவர்கள் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அதுதான். எனக்கு மட்டும் ஏன் விழவில்லை? என் தோல் வேறு ஜாதியா? எனக்கு இது வராது என்பதைத்தான் உடம்பு இப்படிச் சொல்கிறதா? மெல்லிய தந்திக்கு மாறினேன். நழுவியது. கனமான தந்திக்கு மாறினேன். நழுவியது, கூடவே வலித்தது. சாரல் ஈரத்தில் தந்திகள் வேறு சீக்கிரமே கறுத்துத் துரு ஏறின. அம்மாவின் உதடு முதல் வரியில் லேசாகத் துடிக்கும், இரண்டாவது வரிக்கு வந்ததும் நின்றுவிடும். "எதோ தெரிஞ்ச பாட்டு மாதி வருது, பெறவு எங்கயோ போயிருது" என்றாள். 

ஆடி பிறந்ததும் அப்பா ராயகிரிக்குப் போனார். அத்தை வீட்டில் கோயில் கொடை விழா, கூடவே வயலில் கிணற்று மோட்டார் தகராறு. போகும்போது எண்ணெய்ப் பாட்டிலை என் மேசையில் வைத்து, "மறந்துராத" என்றார். நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை. அவர் கையைப் பிடித்து உட்கார வைக்காவிட்டால் எண்ணெய் தேய்த்துக்கொள்ள எனக்குத் தோன்றவே இல்லை. அருவிக்கும் போகவில்லை.

அதே நாட்களில் நான் வாசிக்கிற விதத்தையும் மாற்றியிருந்தேன். வீடியோக்களை எல்லாம் நிறுத்தினேன். கிட்டாரைத் தொடாமல் முதலில் அந்த வரியை வாயால் முனகினேன், தப்பில்லாமல் முனக வரும் வரை. பிறகுதான் தந்தியில் தேடினேன். முழுப் பாட்டையும் ஓட்டாமல், மூச்சு விடுகிற இடம் வரை ஒரு துண்டு மட்டும், நடக்கப் பழகுகிற குழந்தை வேகத்தில். ஃப்ரெட் என்கிற அந்த உலோகக் கோடுகளுக்கு நடுவில் அமுக்கிக்கொண்டிருந்த விரலை, கோட்டை ஒட்டிக் கொண்டுவந்து வைத்தேன். அங்கே வைத்தால் பாதி பலம் போதும் என்பது அப்போதுதான் தெரிந்தது. வளைக்கிற இடத்தில் ஒரு விரலால் தள்ளாமல், பின்னால் இன்னும் இரண்டு விரலைச் சேர்த்து, மணிக்கட்டைத் திருப்பித் தள்ளினேன். எந்த உயரத்துக்கு வளைய வேண்டும் என்பதை, வளைக்காமல் அடுத்த ஸ்வரத்தை நேரடியாக ஒரு தரம் தட்டிக் காதில் வாங்கிக்கொண்டு, பிறகு வளைத்துப் பார்த்தேன். போனில் பதிவு செய்து கேட்டேன். அது கொடுமை. ஆனாலும் கேளுங்கள். வாசிக்கும்போது நம் காது நமக்காகப் பொய் சொல்லும், போன் சொல்லாது.

அந்த வார முடிவில் அம்மா புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதல் வரி. உதடு அசைந்தது. இரண்டாவது வரி. தந்தி நழுவவில்லை. வளைந்து, ஏறி, நின்றது. அம்மா கத்தியை நிறுத்தாமல் அந்த இடத்தில் வாயை மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தாள், குரலில் ஏறுகிறவள் போல. அவளுக்கே தெரியாது. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் அடுத்த துண்டைத் தப்பாக வாசித்தேன்.

"என்ன, நல்லாத்தான போச்சு?" என்றாள் அம்மா.

அப்பா திரும்பி வந்தார். ராயகிரிக் கதைகள் ஏராளமாக இருந்தன. கையை நீட்டச் சொன்னார். விரல் நுனியைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தார். "ஏளா, ஆணி விழுந்திருக்கு பாரு. போடலயா நீ? கல்லு மாதில்லா இருக்கு!" வழக்கத்தைவிடச் சேர்த்து ஊற்றி, அழுந்தத் தேய்த்தார். மறுநாள் விடிந்ததும் அருவி. திரும்பி வந்து கிட்டாரை எடுத்தேன். இரண்டாவது வரியில் தந்தி நழுவி நகத்துக்கு அடியில் வெட்டியது.

ஒரு வாரத்தில் வந்த திறமை ஒரே நாளில் எங்கே போகும்? கிட்டாரைத் திருப்பிப் பார்த்தேன். விரல் வைக்கிற கறுப்புப் பலகையில் என் கைரேகை பளபளவென்று பதிந்திருந்தது. குனிந்து முகர்ந்தேன். கற்பூரம்.

அப்போது எனக்கு வந்தது கோபமா சிரிப்பா என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. காய்ப்பு விழுவதற்காக நான் காலையில் தேய்த்ததை எல்லாம் சாயங்காலம் அப்பா இழைத்து இழைத்து எடுத்திருக்கிறார். மிச்சத்தை அருவி ஊறவைத்திருக்கிறது. ஆனாலும் நிச்சயமாகச் சொல்ல முடியுமா? ஒரே சமயத்தில் இரண்டு விஷயத்தை மாற்றிவிட்டு, எது வேலை செய்தது என்று கேட்கக் கூடாது. என் தொழிலில் முதல் பாடம் அது. எண்ணெய் நின்றதும், மெதுவாக வாசிக்க ஆரம்பித்ததும் ஒரே வாரம். விரலா, முனகலா, மணிக்கட்டா? குழப்பம் இருந்த இடத்திலேயே இருந்தது, வேஷம்தான் மாறியிருந்தது.

சோதித்துப் பார்க்க ஒரே வழி எண்ணெயை நிறுத்துவது. அதற்கு அப்பாவிடம் சொல்ல வேண்டும். ஆடி முடியக் கொஞ்ச நாள்தான் இருந்தது. சொல்லாவிட்டால் மேடையோரத்து இடம் போய்விடும். சொன்னால் அந்தப் பத்து நிமிஷம் போய்விடும். ஆட்டுக் கதை, லாரிக் கதை எல்லாம் விரலைப் பிடித்தால்தான் வரும். சும்மா உட்கார்ந்தால் அவர் டிவி பார்ப்பார். இரண்டு சாயங்காலம் ஆபீஸ் மீட்டிங்கைச் சாக்காக வைத்து மாடியிலேயே இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் அவர் பாட்டிலோடு மாடிக்கே வந்து வாசலில் நின்றார், நான் பேசி முடிக்கும் வரை.

"யப்பா, எண்ணெ வேண்டாம்."

"என்னது?"

"விரல் காய்ச்சாத்தான் கம்பி நிக்கும். எண்ணெ போட்டா தோல் மெத்துன்னு ஆயிருது, வழுக்குது. அருவில ஊறுனாலும் அப்படித்தான். அதான் எனக்கு வரமாட்டேங்குது." ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குத்தாலத்து எண்ணெய வேண்டாம்னு சொன்ன மொத ஆளு நீதாம்ட்டி." கீழே அம்மா சிரிப்பது கேட்டது. அவர் சிரிக்கவில்லை. "அப்ப இத்தன நாளும் நாந்தான் கெடுத்தேனோ?"

"அப்படி இல்லப்பா. அதுதான்னு எனக்கும் சரியாத் தெரியல. நிப்பாட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

 இறங்கிப் போய்விடுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வலது கை?"

"வலது கைல பிக்கத்தான் பிடிக்கேன், கம்பிய மீட்டுத வில்ல. அது பரவால்ல."

"அப்ப அதக் கொண்டா."

இப்படியாக என் வலது கை இன்றைக்கும் கற்பூரம் மணக்கிறது. அது மட்டுமில்லை, வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடைத்து வைக்க வேண்டும், சாரல் ஈரத்துக்குத் துருப்பிடிக்கும் என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். சீருடை பெல்ட்டின் பித்தளையைத் துடைத்த கை அது. என் தந்திகள் இப்போது மின்னுகின்றன. பிக் பிடிக்கும் முன் கையைக் கழுவச் சொல்லி எனக்கே உத்தரவு போடுகிறார்.

ஆடிக் கடைசியில் குழுவின் ஒத்திகை அறைக்குப் போனேன். தென்காசியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே சின்ன அறை. அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கீழேயே நின்றுகொண்டார். கீபோர்டு அண்ணாச்சிக்கு என்னை ஞாபகமே இல்லை. சொன்னபிறகு, "அட, நெசமாவே வந்துட்டியா!" என்றார்.

வாசித்தேன். முதல் வரி. இரண்டாவது வரியில் தந்தி வளைந்தது, நழுவவில்லை. கடைசி வரை முழுசாக வாசித்துவிட்டேன். நடுவில் ஓரிடத்தில் பக்கத்துத் தந்தி கூடச் சேர்ந்து முனகியது. வலது உள்ளங்கையால் அதைச் சும்மா இருக்க வைக்க மறந்துவிட்டேன். நிமிர்ந்து அவர் உதட்டைப் பார்த்தேன். அசையவே இல்லை. கண்ணை மூடி, விரலால் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தார்.

"பாட்டு வந்துட்டு," என்றார்.

"அப்ப நான் சேந்துட்டேனா, அண்ணாச்சி?"

"பாட்டு வந்துட்டுன்னு சொன்னேன். கல்யாணம் இன்னும் வரல." எனக்குப் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். "நீ ஒனக்கு வாசிக்கம்மா. அங்கன ரெண்டு பேரு நடந்து வருவாங்க. பொண்ணு சேலைய மிதிச்சு நின்னா நீயும் நிக்கணும். மாப்பிள்ள வேகமா வந்தா நீயும் ஓடணும். அவங்க மேடைல கால் வைக்கப்ப பாட்டு முடியணும். முன்னாலயும் கூடாது, பின்னாலயும் கூடாது. ஒன் பாட்டு நல்லாத் தச்ச சட்ட மாதி இருக்கு. போடுத ஆளு யாருன்னே தெரியாம தச்சிருக்க."

"அப்ப வேண்டாங்கீங்களா?"

"வேண்டாம்னா சொன்னேன்? ஆவணில மொத முகூர்த்தத்துக்கு வா. பாட்டுக கிட்ட வராத, நடைக்கு மட்டும் வாசி. அது ஒட்டிச்சுன்னா பெறவு பேசுவோம்."

சேர்த்துக்கொண்டாரா, இல்லையா? படி இறங்கும்போது எனக்கே தெரியவில்லை. கீழே அப்பா, "என்ன சொன்னாரு?" என்றார். "நடக்கணுமாம்" என்றேன். "யாரு நடக்கணும்?"  ஸ்கூட்டர் ஆஸ்பத்திரி முக்குத் தாண்டி வீட்டுப் பக்கம் திரும்பும்போதுதான் அதற்குப் பதில் வந்தது: அவரும் அம்மாவும்.

மெதுவாக வாசித்துப் பழகியதில் எனக்கு எல்லாம் ஒரே வேகத்தில்தான் வருகிறது. நிறுத்தத் தெரியாது, காத்திருக்கத் தெரியாது. விரலைப் பார்க்காமல் வாசிக்கவும் தெரியாது. நடக்கிறவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் விரலைப் பார்க்க முடியாது. விரலைப் பார், பார்க்காதே என்று சண்டை போட்ட இரண்டு வீடியோக்காரர்களும் ஒருவேளை வேறு வேறு நாளைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அதுவும் நிச்சயமில்லை.

நாளைக்குச் சாயங்காலம் கூடத்தில் நான் உட்காரப்போகிறேன். ஆம்பை இன்வெர்ட்டரை விட்டுத் தள்ளி வைத்தாகிவிட்டது. வாசல் கேட்டிலிருந்து சாப்பாட்டு மேசை வரை அம்மாவும் அப்பாவும் சேர்ந்து நடந்து வர வேண்டும். மேசைதான் மேடை. அப்பாவின் முழங்கால் எந்த இடத்தில் தயங்கும் என்று அவருக்கே தெரியாது. அம்மா நடுவில் அடுப்பைப் பார்க்கத் திரும்புவாள். அதற்கெல்லாம் பாட்டு நிற்க வேண்டும். அம்மாவிடம் கேட்டுவிட்டேன்.

"கல்யாணத்தன்னைக்கே இவரு எனக்கு முன்னால ஓடிட்டாரு," என்றாள். "இப்பவா சேந்து நடக்கப்போறாரு? பாப்போம்."